இடது தொடையில் கட்டிய பொட்டலம்: ஈப்போ நாகேந்திரனின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை கொக்குவில் ஸ்டேஷனடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது பேச்சு ஐஸ், ஹெரோயின் பக்கம் திரும்பியது. இப்போது எங்கே கூடினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது. வாங்கில் இருந்த ஒரு ஐயா கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “சிங்கப்பூர் மாதிரித் தூக்கிலை போட வேணும் மாஸ்டர். நாலு பேரைத் தொங்கவிட்டால் மிச்சம் எல்லாம் தானாத் திருந்தும்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நாங்களும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. சிங்கப்பூர் தொங்கவிட்டவர்களில் ஒரு ஆளையாவது யார் என்று தெரிந்துகொண்டு பேசினால் என்ன? அப்படி ஒரு ஆளின் கதைதான் இது. தமிழ்ப் பொடியன்.

சிங்கப்பூரும் மலாயாவும் எங்கள் ஊருக்குப் புதுப் பெயர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்தப் பழைய ஒழுங்கைக்குள் போனாலும் “மலாயன் பென்சனியர் வீடு” என்று ஒன்று இருக்கும். கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் ஆஸ்பத்திரி உத்தியோகத்தராகவும் போய், கோலாலம்பூர், தைப்பிங், சிரம்பான், ஈப்போ என்று வாழ்ந்துவிட்டு, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினவர்கள். அந்த வீடுகளின் முன்விறாந்தையில் ஈப்போ என்ற பெயர் கீரிமலை, சாவகச்சேரி மாதிரிச் சர்வசாதாரணமாகப் புழங்கியது. நாகேந்திரன் எங்கள் ஊர்க் கிளை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஊரை எங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

நாகேந்திரன் தர்மலிங்கம் 1988ஆம் ஆண்டு பிறந்தவர். வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் வெள்ளைக்காரன் அங்கே ஒரு மனநோய் வைத்தியசாலை கட்டினான். அது பெரிதாகி, மலேசியாவில் அந்த ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. நாங்கள் இங்கே “அங்கொடைக்கு அனுப்ப வேணும்” என்று சொல்வதுபோல, அவர்கள் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேணும்” என்பார்கள். ஒரு மனிதனின் மூளைத்திறனைப் பற்றிப் பல வருடங்களாக நீதிமன்றங்களில் வழக்காடி முடிந்த கதை அந்த ஊரிலிருந்து தொடங்கியது தற்செயல்தான்.

2009 ஏப்ரல் 22. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குள் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. நாகேந்திரனுக்கு 20 வயது. பெரிய காற்சட்டை ஒன்று போட்டிருந்தார். மறித்தபோது, தான் பாதுகாப்பு வேலை செய்கிற ஆள் என்று அதிகாரிகளிடம் சொன்னார். சோதிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சோதித்தார்கள். இடது தொடையில் ஒரு பொட்டலம் கட்டப்பட்டிருந்தது. உள்ளே 42.72 கிராம் டயமோர்ஃபின், அதாவது தூய ஹெரோயின். மூன்று மேசைக்கரண்டி அளவு என்று வையுங்கள்.

பொலிஸ் பதிந்த வாக்குமூலத்தில், தனக்குப் பணக்கஷ்டம் என்றும் ‘கிங்’ என்று அழைக்கப்பட்ட ஒருவரிடம் கடன்பட்டதாகவும் அவர்தான் பொட்டலத்தைக் கட்டிவிட்டதாகவும் சொல்லியிருந்தார். வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்த ஆள் தன்னை அடித்ததாகவும், மறுத்தால் தன் காதலியைக் கொன்றுவிடுவதாக வெருட்டியதாகவும் சொன்னார். முதலில் இதைச் சொல்லாததால் நீதிமன்றம் நம்பவில்லை. 2010 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சிங்கப்பூரின் போதைப்பொருள் துர்ப்பிரயோகச் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் டயமோர்ஃபின் கடத்தினால் மரண தண்டனை. அப்போது இருந்த சட்டத்தில் நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. குற்றவாளி என்று கண்டால் தூக்கு, அவ்வளவுதான். அடுத்த வருடம் மேன்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாகேந்திரன் பொட்டலம் கொண்டு போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய சட்டத்தரணிகளும் சொல்லவில்லை. அப்பாவியைத் தூக்கிலிட்டார்கள் என்ற வழக்கமான கதை இது இல்லை. செய்தது உண்மை. செய்த மனம் எப்படிப்பட்டது, அந்த மனதுக்குக் கழுத்தை விலையாகக் கேட்கலாமா என்பதுதான் கேள்வி.

2011இல் சிங்கப்பூர் தூக்குத் தண்டனைகளை நிறுத்திவைத்துவிட்டுச் சட்டத்தை மீளாய்வு செய்தது. 2013 ஜனவரி முதல் புதிய பிரிவு ஒன்று, 33பி, நடைமுறைக்கு வந்தது. வெறுமனே பொருளைக் காவிச் சென்றவர் என்று நிரூபித்தால் தப்புவதற்கு இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, போதைப்பொருள் வலையமைப்பைக் குலைக்க உருப்படியாக உதவினார் என்று அரச வழக்குத்தொடுநர் சான்றிதழ் கொடுப்பது. கொடுத்தால் நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். மற்றது, மனப்பிறழ்வு இருந்து, அது அவருடைய மனப்பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருந்தது என்று நிரூபிப்பது. அப்படியென்றால் ஆயுள் தண்டனை.

இந்த முதலாவது கதவை நின்று பாருங்கள். பொலிசுக்குப் பிரயோசனமான தகவல் யாரிடம் இருக்கும்? ஆளை அனுப்பினவனிடம், பொதி கட்டினவனிடம், கணக்கு வைத்திருப்பவனிடம். காலில் கட்டிக்கொண்டு வந்த பொடியனிடம் என்ன இருக்கும்? ஒரு பட்டப்பெயர் இருக்கும். அதுவும் விளக்கம் குறைந்த பொடியன் என்றால், கேட்டதைக்கூட ஒழுங்காக நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லமாட்டான். வியாபாரத்தில் எவ்வளவு உள்ளே இருக்கிறானோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்க வழி இருக்கிற ஒரு ஏற்பாடு இது. நாகேந்திரனுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்டுப் போட்ட வழக்கும் 2018இல் தள்ளுபடியானது.

மிச்சம் இருந்தது இரண்டாவது கதவு. 2013இல் அவரைப் பரிசோதித்தபோது நுண்ணறிவு ஈவு 69 என்று வந்தது. சாதாரண ஆட்களின் சராசரி 100. 70 அல்லது அதற்குக் கீழே இருந்து, அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதிலும் குறைபாடு இருந்து, அது சின்ன வயதிலிருந்தே இருந்தால் அறிவுத்திறன் குறைபாடு என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அதாவது இலக்கம் மட்டும் போதாது. அவருக்குக் கவனச்சிதறல் கோளாறும் எல்லைக்கோட்டு அறிவுத்திறனும் இருந்தன என்பதும் வழக்கில் வந்தது.

அரச தரப்பு என்ன சொன்னது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் தரப்பில் சாட்சி சொன்ன உளநல வைத்தியரே குறுக்கு விசாரணையில், நாகேந்திரன் அறிவுத்திறன் குறைபாடு உடையவர் அல்ல என்று ஒத்துக்கொண்டார். ஆகவே அது தீர்ந்த விடயம் என்றார்கள். 2017இல் மேல் நீதிமன்றமும் 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருடைய நிலை எல்லைக்கோட்டில் இருந்தாலும் சட்டம் கேட்கும் மனப்பிறழ்வு அது இல்லை என்றன. காரணங்களைப் பாருங்கள். பெரிய காற்சட்டை போட்டு மறைத்தார். பாதுகாப்பு வேலை என்று சொல்லிச் சோதனையைத் தவிர்க்கப் பார்த்தார். கடனை அடைக்கவும் மேலும் காசு வரும் என்றும் செய்தார். ஆபத்தையும் ஆதாயத்தையும் நிறுத்துப் பார்த்த ஒரு குற்ற மனம் இது என்பதுதான் நீதிமன்றத்தின் முடிவு. செய்வது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று சிங்கப்பூர் உள்துறை அமைச்சு திரும்பத் திரும்பச் சொன்னது.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்களை நித்திரை இல்லாமல் பண்ணியது அதுதான். எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய், எந்தப் பரீட்சை எழுதினாய் என்று ஒவ்வொரு வைத்தியரும் கேட்டபோது நாகேந்திரன் ஒவ்வொரு மாதிரிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் படிப்பைக் குறைத்துக் குறைத்துச் சொன்னார் என்று மேல் நீதிமன்றம் கண்டது. அதாவது, மந்தம் என்று காட்டுவதற்காகக் கணக்குப் போட்டு மாற்றுகிறார், கணக்குப் போடத் தெரிந்தவர் மந்தம் இல்லை.

இருக்கலாம். உயிர் போகப்போகிறது என்று தெரிந்த மனிதன் பொய் சொல்லமாட்டான் என்று நாங்கள் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் வகுப்பில் நிற்கிறவர்களுக்கு வேறு ஒன்றும் தெரியும்.

கடைசி வாங்கில் அப்படி ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். “விளங்கிச்சோ?” என்று கேட்டால் முதலில் “ஓம் சேர்” என்று சொல்வது அந்தப் பிள்ளைதான். கொப்பியைப் பார்த்தால் கரும்பலகையில் இருந்தது முத்து முத்தாக எழுதியிருக்கும், வாசிக்கச் சொன்னால் வாசிக்காது. தனக்கு விளங்காது என்பதை மறைப்பதற்கு அந்தப் பிள்ளை படும் பாடு பெரிது. சிரிக்கும், பகிடி விடும், பென்சில் விழுந்துவிட்டது என்று குனியும். சின்னச் சின்னத் தந்திரம் எல்லாம் தெரியும். தந்திரம் தெரிந்தபடியால் விளக்கம் இருக்கிறது என்று நினைத்தால் ஆசிரியர் ஏமாந்துபோவார். “நான் பாதுகாப்பு வேலை செய்யிற ஆள்” என்று எல்லையில் நின்று சொன்னதை வாசித்தபோது எங்களுக்குக் குற்ற மனம் தெரியவில்லை. பென்சிலை எடுக்கக் குனிகிற பிள்ளைதான் தெரிந்தது.

கதை மாறுவதும் அப்படித்தான். பல வருடங்களுக்கு முன்னர், வேறு ஒரு ஊரில் படிப்பித்த காலம். வகுப்பு யன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு பொடியனைக் கூப்பிட்டுக் கேட்டோம். இல்லை என்றான். திரும்பக் கேட்டோம், தெரியாது என்றான். மூன்றாம் தரம் குரலை உயர்த்தியதும் “ஓம் சேர், நான்தான்” என்றான். எப்படி என்று கேட்டால் ஒரு தரம் கல்லு, ஒரு தரம் பந்து. பொய்க்காரன் என்று அடியும் கொடுத்தோம். இரண்டு கிழமை கழித்து, உடைத்தது பெரிய வகுப்புப் பொடியள் என்று தெரியவந்தது. அந்தப் பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்து, எந்தப் பதிலைச் சொன்னால் கேள்வி நிற்கும் என்று தேடியிருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அதற்கும் “ஓம் சேர்” என்றுதான் சொன்னான்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ ஆரிடி என்ற இளைஞனுக்கு நடந்தது இதுதான், ஆனால் கண்ணாடிக்குப் பதில் கொலை. சிரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், நுண்ணறிவு ஈவு 46. 1936இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், புகையிரத நிலையம் ஒன்றுக்கு அருகே அலைந்துகொண்டு திரிந்தவனைப் பிடித்து விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டான் என்றார்கள். அந்தக் கொலைக்கு இன்னொருவன் ஏற்கெனவே பிடிபட்டு, பிறகு தண்டனையும் பெற்றான். ஆனாலும் ஆரிடியை விடவில்லை. சிறையில் விளையாட்டு ரயில் ஒன்றை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். 1939 ஜனவரி 6 அன்று நச்சுவாயு அறைக்குக் கொண்டு போனார்கள். 2011இல்தான், 72 வருடம் கழித்து, கொலராடோ ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அதே நாட்டின் உயர் நீதிமன்றம் 2002இல் அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றது. 2014இல் இன்னும் ஒரு படி போய், 70 என்ற இலக்கத்தை வேலிக்கதியால் மாதிரி நட்டுவைத்து, ஒரு புள்ளி கூடினவனைத் தூக்கில் போடுவது சரியில்லை, அந்தப் பரீட்சையிலேயே சில புள்ளி கூடிக் குறைய இடம் உண்டு என்றது. சிங்கப்பூரில் அந்தத் தீர்ப்புகள் செல்லாது. சொல்வது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஒப்பிட இன்னும் கிட்டிய ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அந்த இரண்டாவது கதவில் எழுதியிருக்கும் வார்த்தைகள் சிங்கப்பூர் எழுதியவை அல்ல. இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு கொலைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தவை. அந்தச் சட்டம் வந்த காலத்தைப் பாருங்கள். 1952 நவம்பரில் குறொய்டன் நகரில் ஒரு பண்டகசாலைக் கூரையில் இரண்டு பொடியள் திருடப் போனார்கள். 16 வயதுக் கிறிஸ்டோபர் கிறெய்க் சுட்டதில் ஒரு பொலிஸ்காரர் இறந்தார். மற்றவன் 19 வயது டெரெக் பென்ட்லி. வலிப்பு நோய்க்காரன், வாசிக்கத் தெரியாது, மனவயது 11 என்று சொல்லப்பட்டவன். சூடு நடந்தபோது அவன் ஏற்கெனவே பொலிஸ் பிடியில் நின்றான். சுட்டவனுக்கு வயது போதாது என்று தூக்கில்லை. பென்ட்லிக்குத் தூக்கு. 200க்கு மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டும் உள்துறை அமைச்சர் இரங்கவில்லை. 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்து கொதித்தது. அந்தக் கொதிப்பும் அந்தக் காலத்து வேறு வழக்குகளும் சேர்ந்துதான் 1957இல் ‘குறைந்த மனப்பொறுப்பு’ என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. பென்ட்லியின் அக்கா ஐரிஸ் நாற்பது வருடத்துக்கு மேல் அலைந்தார். 1998 ஜூலையில் தீர்ப்பு ரத்தானது. அதைப் பார்க்க அக்கா உயிரோடு இல்லை, முந்தின வருடம் போய்விட்டார்.

ஆக, பென்ட்லி போன்ற பொடியளைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வார்த்தைகள் அறுபது வருடம் கழித்து நாகேந்திரனுக்கு முன்னால் வந்து நின்றன. வார்த்தை அதே வார்த்தை, ஆனால் கதவு திறக்கவில்லை.

2020இல் ஜனாதிபதி கருணை மனுவை நிராகரித்தார். 2021 ஒக்டோபர் 26 திகதியிட்டு ஈப்போவில் இருந்த தாய்க்கு ஒரு கடிதம் போனது. நவம்பர் 10ஆம் திகதி மகனுக்குத் தண்டனை நிறைவேற்றப்படும் என்று அறிவித்து, கொரோனாக் காலத்தில் குடும்பத்தார் எல்லை தாண்டி வந்து பார்ப்பதற்கான விதிமுறைகளையும் சொன்னது. அந்தக் கடிதம் வெளியே வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகளின் நிபுணர்களும் ஐரோப்பிய ஒன்றியமும் நிறுத்தச் சொன்னார்கள். சட்டத்தரணி எம். ரவி கடைசி நேர மனுக்களோடு நீதிமன்றம் போனார். அவருக்கு மருத்துவ அறிவு இல்லை, ஒரு சந்திப்பை வைத்து மனவயதைச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். நவம்பர் 9 அன்று நாகேந்திரனுக்குக் கொரோனாத் தொற்று என்று தெரியவந்து, தண்டனை தள்ளிப்போனது. தூக்கிலிடுவதற்கும் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் போல.

சுயாதீனமான உளநல வைத்தியர்களைக் கொண்டு மீண்டும் பரிசோதியுங்கள் என்பதுதான் கடைசிக் கோரிக்கை. 2022 மார்ச் 29 அன்று பிரதம நீதியரசர் சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அதை நிராகரித்தார்கள். இது நீதிமன்ற நடைமுறையை அப்பட்டமாகத் துர்ப்பிரயோகம் செய்வது என்பது அவர்கள் கருத்து. தண்டனைக்கு முதல் நாள், ஏப்ரல் 26, தாயே மனுதாரராக வந்து நின்றார். சட்டத்தரணி இல்லை. அதுவும் தள்ளுபடி. மகன் கேட்டது ஒன்றுதான், வீட்டாரின் கையைப் பிடிக்க வேண்டும் என்று. நீதிமன்றத்துக் கண்ணாடித் தடுப்பில் இருந்த சின்ன இடைவெளிக்குள்ளால் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார்கள். “அம்மா” என்று அவர் கத்தியது அந்த மண்டபம் முழுக்கக் கேட்டதாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள்.

2022 ஏப்ரல் 27 விடியற்காலை, சாங்கி சிறை. 33 வயது. இருபதில் போனவர், பதின்மூன்று வருடம் கழித்துப் பெட்டியில் தஞ்சோங் ரம்புத்தானுக்குத் திரும்பினார். அடுத்த வருடம் மலேசியா தன் சட்டத்தில் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது.

தன்னை விளங்கப்படுத்தத் தெரியாதவர் விசாரணைக் கூண்டில் நிற்கும்போது என்ன நடக்கும் என்பதை எங்கள் சமூகமும் அறியும். மூதூர் றிஸானா நபீக்கை மறந்திருக்கமாட்டீர்கள். பிறந்த வருடத்தை 1988இலிருந்து 1982 ஆக்கிய கடவுச்சீட்டில் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன பிள்ளை. 2005இல் அவளுடைய பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியது என்றாள். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதியானவர் அல்ல என்று மனித உரிமை அமைப்புகள் சொன்னன. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. மார்க்கத் தீர்ப்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்றவர்கள் இருந்தார்கள். பிழையான விசாரணைக்கு மார்க்கத்தின் பெயரைப் பூசாதீர்கள் என்றவர்களும் இருந்தார்கள். நாங்கள் இரண்டாவது பக்கம் நின்றோம், இப்போதும் அங்கேதான் நிற்கிறோம். றிஸானாவின் குறை வயதும் மொழியும், நாகேந்திரனின் குறை விளக்கம். இரண்டு பேருக்கும் முதல் நாள் சொன்ன முதல் வாக்குமூலம் கடைசி வரைக்கும் கழுத்தில் தொங்கியது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1976இல், வெலிக்கடையில். ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது, நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1984 திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயின் கடத்தினாலே மரணம் அல்லது ஆயுள் தண்டனை. சிங்கப்பூரை விட எங்கள் அளவு சின்னது, அந்த ஐயாவுக்கு இது தெரியுமோ தெரியாது. 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நான்கு பேரின் மரண ஆணையில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். அதற்கு முன்னரே அலுகோசு வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, நூற்றுக்கு மேல் விண்ணப்பமும் வந்திருந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபடியால் நின்றது. தடை நீங்கினால், அல்லது இன்னொரு ஜனாதிபதிக்கு அதே எண்ணம் வந்தால், பூட்டு என்று எதுவும் இல்லை. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு சித்தசுவாதீனம் இல்லாதவரைத்தான் காக்கும், அதாவது தான் செய்வது இன்னது என்றோ பிழை என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவரை. கடைசி வாங்குப் பிள்ளைக்கு அது பொருந்தாது. பிழை என்று அவனுக்குத் தெரியும். மறுக்கத்தான் தெரியாது.

நீதிமன்றம் இல்லாத தண்டனையையும் இந்த மண் பார்த்தது. எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டிச் சுட்டு, கழுத்தில் ஒரு மட்டை தொங்கவிட்ட காலம். மட்டையில் எழுதியிருந்த இரண்டு சொல்தான் குற்றப்பத்திரிகை, அதுதான் தீர்ப்பு. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதை வாசித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. “நாலு பேரைத் தொங்கவிட வேணும்” என்று சொல்கிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

கடத்தல்காரர்களுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஐஸ் புகுந்த வீட்டின் நிலையைத் தாய்மார் வந்து சொல்லும்போது எங்களுக்கும் இரத்தம் கொதிக்கிறது. ஆனால் பொதியோடு பிடிபடுகிறவன் யார்? முதலாளி தன்னுடைய தொடையில் கட்டிக்கொண்டு வருவதில்லை. சொன்னதைச் செய்கிற, கேள்வி கேட்காத, ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரு பிளேன்ரீக்கும் நம்பிப் போகிற ஒருவனைத்தான் தேடுவான். அப்படிப்பட்ட பிள்ளை யார் என்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அந்தப் படிப்புக் கணக்கு எங்களை உறுத்துகிறது. ஒரு மனிதனுக்குச் சின்ன வயதிலேயே விளக்கக் குறைவு இருந்ததா என்பதற்கு இருபது வருடம் கழித்து நீதிமன்றம் தேடும் சாட்சி பள்ளிக்கூடக் கடதாசிதான். நாங்கள் அதில் என்ன எழுதுகிறோம்? விடுகைப் பத்திரத்தில் “நடத்தை: நன்று. அமைதியானவர்.” தேர்ச்சி அறிக்கையில் “இன்னும் முயற்சிக்கவும்.” ஓ.எல். வகுப்பு வரை வந்தும் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாத பிள்ளைக்கும் அதையே எழுதி, வகுப்பேற்றி, அனுப்பிவிடுகிறோம். பெற்றோர் மனம் நோகும், பொம்பிளைப் பிள்ளை என்றால் கலியாணம் குழம்பும், அதிபர் ஏன் வீண் வேலை என்பார். இரக்கத்தில் செய்வதுதான். அந்த அமைதியான பிள்ளை ஒருநாள் கூண்டில் நின்றால், வழக்குத்தொடுநர் அந்தக் கடதாசியைத்தான் தூக்கிக் காட்டுவார்: பாருங்கள், பதினொரு வருடம் படித்தவர்.

இந்தத் தவணை எங்கள் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குத் தனிக் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறோம். எது விளங்குகிறது, எது விளங்கவில்லை, எந்த வயதிலிருந்து, எத்தனை தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று திகதி போட்டு. இரண்டு வீட்டார் சம்மதித்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் காட்டவும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது பிள்ளையின் தகப்பன் “என்ரை பிள்ளை மொக்கு எண்டு எழுதப் போறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பவும் போய்க் கதைக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒரு பொடியன் ஏதாவது வழக்கில் மாட்டியிருந்தால், முதல் தவணையிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், உளநல வைத்தியரின் அறிக்கையை நீதவானிடம் கேட்கச் சொல்லுங்கள். படித்த பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேடு எடுக்க உதவி வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம்.